செங்கோட்டையில் ஒரு பின்கதவும் பாலியூரித்தேன் பசையும்

ஆரியங்காவு கணவாய்க்கு எதிரே இருக்கும் ஊரில், மேற்குப் பார்த்த கதவுக்கு ஆயுள் குறைவு. தென்மேற்குப் பருவக்காற்று மலையின் அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மிச்சத்தைக் கணவாய் வழியாகச் சாரலாக இந்தப் பக்கம் அனுப்பிவிடும். ஆனி பிறந்தால் ஆவணி வரைக்கும் காற்றோடு சேர்ந்த ஈரம். குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் அதை அனுபவித்துவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். இங்கேயே இருக்கிற மரம் அதைக் குடித்து உப்பி, பங்குனி சித்திரை வெயிலில் மறுபடி சுருங்க வேண்டும்.

இந்த ஆய்வுக்கு உட்பட்டது செங்கோட்டையில் ஓட்டு வீடு ஒன்றின் பின்கட்டுக் கதவு. ஊர் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்தது. அந்தக் காலத்து வீடு என்பது கதவைப் பார்த்தாலே தெரியும். தேக்குச் சட்டம், நடுவில் பலாப் பலகை, இரண்டு கதவு. இப்போது கிடைக்கும் கதவுகளில் பாதிக்கு இந்தச் சட்டத்தின் கனம்கூட இருக்காது. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற ஆசிரியை. மகன் கொச்சியில் வேலை பார்க்கிறார். பழைய வீடுகளின் மராமத்தை மேற்பார்வை செய்வது என் தொழில் என்பதால் அழைத்திருந்தார்கள்.

புகார் இதுதான்: வலப்பக்கக் கதவு தொங்கி, கீழ்மூலை வாசல்படியில் உரசுகிறது, சாரல் நாளில் அடைக்கவே முடியவில்லை. ஆண்டுதோறும் யாராவது வந்து அடியில் கொஞ்சம் இழைத்துவிட்டுப் போகிறார்கள். கோடையில் அதே இடத்தில் எலி நுழையும் அளவுக்குச் சந்து தெரிகிறது.

தொங்குகிற கதவென்றால் எல்லோரும் முதலில் கீலைத்தான் சந்தேகிப்பார்கள். கீல் சரியாக இருந்தது. கதவைக் கழற்றி இரண்டு முக்காலிகளின் மேல் படுக்கவைத்து, மூலைமட்டத்தை வைத்துப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. கீழே இருக்கும் குறுக்குச் சட்டம் எட்டு அங்குல அகலம். அதன் கழுந்து, அதாவது முனையில் நாக்குப் போலச் செதுக்கிய பகுதி, நெடுக்குச் சட்டத்தின் துளைக்குள் தளர்ந்து ஆடியது. கையால் பிடித்து அசைத்தால் கதவு முழுவதும் சாய்சதுரமாக மாறி, மறுபடி திரும்பியது. கழுந்தின் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி. முன்பு யாரோ அதில் வெள்ளைப் பசையை ஊற்றி, மூன்று அங்குல இரும்பு ஆணி இரண்டை அறைந்திருந்தார்கள். ஆணியைச் சுற்றித் தேக்கு கறுத்துப்போயிருந்தது. பசை, பால் ஆடையாக வெளுத்து, நகத்தால் சுரண்டினால் உருண்டு வந்தது. நெடுக்குச் சட்டத்தின் அடிப்பகுதி, தரையைத் தொட்டபடி இருந்ததால், நாலு விரல் உயரத்துக்கு உளுத்திருந்தது.

வெள்ளைப் பசை மட்டமானது என்று இதற்கு அர்த்தமில்லை. வீட்டுக்குள்ளிருக்கும் கட்டில், அலமாரி, மேசை எதற்கும் அது போதும்; விலை குறைவு, ஈரத்துணியால் துடைத்துவிடலாம், கையில் பட்டாலும் ஒன்றும் செய்யாது. ஆனால் அது தண்ணீரில் கலந்த பிசின். தண்ணீர் வெளியேறினால் இறுகுகிறது. தண்ணீர் திரும்ப வந்து நின்றால் சாதாரண வகைகள் இளகிவிடுகின்றன. ஐரோப்பியத் தர நிர்ணயமான இஎன் 204, மரப் பசைகளை டி1 முதல் டி4 வரை நான்கு வகுப்பாகப் பிரிப்பது இந்த ஒரு குணத்தை வைத்துத்தான். டி1 உலர்ந்த அறைக்கு மட்டும். டி4 என்றால் ஒட்டிய துண்டை நாலு நாள் தண்ணீரில் ஊறப்போட்டும், தனியே ஆறு மணி நேரம் கொதிக்கவைத்தும் இழுத்துப் பார்க்கிறார்கள். மேற்குச் சாரலை நேராக வாங்கும் கதவுக்கு அந்த டி4 வகுப்புதான் வேண்டும்.

அந்த வகுப்பில் வரும் பசைகளில் ஒன்று பாலியூரித்தேன். மகன் கொச்சியிலிருந்து வரும்போது ஒரு புட்டி வாங்கி வந்திருந்தார். தேன் நிறம், தேன் கெட்டி.

வாங்கி வந்ததோடு நிற்காமல், எங்களுக்கு முன்பே அவர் அதைச் சோதித்தும் பார்த்திருந்தார். பக்கத்து அறையில் ஆடிக்கொண்டிருந்த ஜன்னல் சட்டத்தின் சந்துகளில் பசையைப் பிழிந்து விட்டிருக்கிறார். மறுநாள் காலையில் அது பொங்கி, சந்தை முழுக்க நிரப்பி, வெளியேயும் வழிந்து கெட்டியாகி நின்றிருக்கிறது. அவருக்கு மிகுந்த திருப்தி. கதவையும் இப்படியே முடித்துவிடலாமே என்றார்.

என்னோடு வேலைக்கு வந்திருந்த ஆசாரி ஒன்றும் சொல்லாமல் ஜன்னலருகே போனார். வழிந்து இறுகிய நுரையைக் கட்டை விரலால் அழுத்தினார். பொருபொருவென்று உடைந்தது. உள்ளே முழுக்கச் சின்னச் சின்னக் காற்றறைகள். பிறகு சட்டத்தைப் பிடித்து ஆட்டினார். முன்பு போலவே ஆடியது.

"தம்பி, பசை மரத்தை மரத்தோடு ஒட்டும். ஓட்டையை ஒட்டாது" என்றார்.

இந்தப் பசையைப் பற்றி மக்கள் கொள்ளும் முக்கியமான மயக்கம் இதுதான், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பாலியூரித்தேன் 1937-இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பாயர் என்ற வேதியியலாளரின் குழு கண்டுபிடித்த வேதிப்பொருள் குடும்பம். மெத்தைக்குள் இருக்கும் நுரையும், செருப்பின் அடியும், தரைப் பூச்சும் அதன் பிள்ளைகள். புட்டியில் வரும் மரப் பசையில் ஐசோசயனேட் என்ற வினைத்திறன் மிக்க பகுதி இருக்கிறது. அதற்கு இறுகுவதற்குத் தண்ணீர் வேண்டும். மரத்திலும் காற்றிலும் இருக்கும் ஈரத்தைப் பிடித்து வினைபுரியும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. அந்த வாயுதான் பசையை நுரைக்க வைக்கிறது. அழுத்தத்தில் இருக்கும் மெல்லிய ஒட்டுக்கோட்டில் வாயு வெளியே தள்ளப்பட்டு, பசை திடமான படலமாக இறுகும்; பலம் அங்கேதான் இருக்கிறது. இடைவெளி கொஞ்சம் அதிகமானால் அதே பசை வெறும் நுரையாகி இடத்தை அடைத்துக்கொள்ளும். பார்ப்பதற்கு நிறைந்திருக்கும், பாரம் தாங்காது. இடைவெளியை நிரப்பியே தீர வேண்டுமென்றால் எபாக்சிதான் அதற்கேற்றது. ஆனால் எபாக்சி காய்ந்த மரத்தை விரும்பும். நாங்கள் வேலை தொடங்கியது நடுச் சாரலில். ஈரமானியை அழுத்திப் பார்த்தால் சட்டம் 17 சதவீத ஈரம் காட்டியது.

ஆசாரிக்குச் சித்திரை வரை காத்திருக்கலாம் என்று எண்ணம். அடைக்க முடியாத பின்கதவோடு தனியாக இருக்கும் அம்மாவிடம் அதைச் சொல்ல முடியாது. தவிர, இந்த வேலைக்குச் சாரல் காலம் ஒரு வகையில் வசதியும்கூட. மரம் உப்பியிருக்கும் உச்சத்தில் கதவைத் தடையில்லாமல் அடைக்கும்படி சரிசெய்துவிட்டால், கோடையில் அது எப்படியும் அடைபடும். வெயில் காலத்தில் இழைத்து அளவு பார்த்த கதவுதான் ஆடியில் வந்து மாட்டிக்கொள்கிறது. பசைக்கும் ஈரம் ஒத்துவரும் என்பதால் தள்ளிப்போடக் காரணமில்லை.

முதலில் தேக்கைப் பற்றிய ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. தேக்கு எண்ணெய்ப்பசை உள்ள மரம். வெள்ளைப் பசையானாலும் வேறெதுவானாலும் அதன் மேல் கவ்வத் தயங்கும். கழித்துப் போட்ட பழைய தேக்குத் துண்டுகளை இழைத்து இரண்டு ஜோடி ஒட்டினோம். ஒன்றை அப்படியே. மற்றதை அசிட்டோன் நனைத்த துணியால், துணியில் பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை துடைத்து, காய்ந்ததும் உடனே. ஒரு நாள் கழித்து இரண்டையும் ஒட்டுக்கோட்டில் உளி வைத்துப் பிளந்தார் ஆசாரி. துடைக்காத ஜோடி, பளபளவென்று ஒரு பக்கம் பசையும் மறுபக்கம் வெறும் மரமுமாகக் கழன்றது. துடைத்த ஜோடி கோட்டில் பிளக்கவில்லை. மரத்தின் நார் பிய்ந்து இரண்டு பக்கமும் ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகு அசிட்டோன் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

உண்மையான நேரம் போனது ஒட்டும் வேலையில் இல்லை. ஆணிகளைப் பிடுங்கினோம். பழைய வெள்ளைப் பசையைக் கழுந்திலும் துளையிலும் துளிகூட இல்லாமல் சுரண்டி எடுத்தோம். எந்தப் புதுப் பசையும் பழைய பசை மேல் நன்றாக ஒட்டாது, மரத்துக்குள்தான் இறங்க வேண்டும். தளர்ந்த கழுந்தின் இரு கன்னத்திலும் மெல்லிய தேக்குச் சீவல்களை, நார் ஒரே திசையில் போகும்படி வைத்து ஒட்டி, இறுகிய பின் கொஞ்சம் கொஞ்சமாக இழைத்து, கொட்டாப்புளியால் லேசாகத் தட்டினால் போகும் அளவுக்குக் கொண்டுவந்தார் ஆசாரி. உள்ளே தள்ளி, வெளியே எடுத்து, எங்கே பளபளக்கிறதோ அங்கே மட்டும் ஒரு சீவு. அதைப் பார்த்துக்கொண்டிருந்த மகன், "இவ்வளவு இறுக்கமாக இருந்தால் பசையே வேண்டாமே" என்றார். பாதி உண்மை.

உளுத்த அடிப்பகுதியைச் சாய்வாக வெட்டி எடுத்து, ஒன்றுக்கு எட்டு என்ற சாய்வில் புதுத் தேக்குத் துண்டை இணைத்தோம். நேராக அறுத்து முட்டவைத்தால் நாரின் வாய் பசையை உறிஞ்சிவிடும், நிற்காது. சாய்வில்தான் நாரின் பக்கவாட்டு முகம் ஒட்டுவதற்குக் கிடைக்கிறது.

இனி எட்டு அங்குலச் சட்டத்தின் சிக்கல். தேக்கு நிதானமான மரம்தான். பச்சையிலிருந்து முழுக்கக் காயும்வரை, ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் ஏறக்குறைய 6 சதவீதம் சுருங்குகிறது. சாரலில் 17 காட்டும் சட்டம் கோடையில் 11-க்கு வருவதாக வைத்துக்கொண்டால், எட்டு அங்குல அகலத்தில் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் வந்து போகிறது. ஆனால் அது நுழைந்திருக்கும் நெடுக்குச் சட்டம் நீளவாட்டில் அநேகமாக அசைவதே இல்லை. ஒன்று அசைகிறது, மற்றொன்று அசையாது. இரண்டையும் முழு அகலத்துக்கும் பசையால் கட்டிப்போட்டால் பசை தோற்கும், அல்லது மரம் வெடிக்கும். டி4 என்ற முத்திரை இதைத் தடுக்காது. இந்தக் கதவைச் செய்தவர் இதை அறிந்தே கழுந்தை இரண்டாகப் பிரித்திருந்தார். நாங்கள் மேல் கழுந்துக்கு முழுக்கப் பசையிட்டோம். கீழ்க் கழுந்துக்கு நடுவில் கொஞ்சம் மட்டும், கூடவே ஒரு மூங்கில் முளை. முளைக்கான துளையைக் கழுந்தில் மட்டும் குறுக்குச் சட்டத்தின் அகலவாட்டில் சற்று அகட்டி, அசைய இடம் விட்டோம்.

பலகைக்குப் பசையே கூடாது. அது சட்டத்தில் பள்ளமாகக் குடைந்த காடிக்குள் சும்மா நிற்க வேண்டியது. வெள்ளைப் பசையென்றால் தடவிய இடத்தில் இருக்கும், கவலையில்லை. இது பொங்கிக் காடிக்குள் ஊர்ந்துபோய்ப் பலகையைப் பிடித்துக்கொள்ளும். கோடையில் பலகை நடுவே பிளக்கும். அதற்காகப் பலகையின் நான்கு மூலைகளிலும் மெழுகுவத்தியை அழுத்தித் தேய்த்தோம். மெழுகில் இந்தப் பசை ஒட்டாது.

தரை அந்தப் பகுதி வீடுகளுக்கே உரிய, துடைத்துத் துடைத்துக் கண்ணாடியான சிவப்புத் தரை. டீச்சருக்குக் கதவைவிட அதில் அக்கறை அதிகம். சிமென்டில் இந்தப் பசை விழுந்து இறுகினால் செதுக்கித்தான் எடுக்க வேண்டும் என்பதால், பாலிதீன் தாளை விரித்தோம். பாலிதீனிலும் இது ஒட்டாது. இறுகியதும் உரித்து எறிந்துவிடலாம். செய்தித்தாளை விரிப்பவர்கள் பிறகு அந்தச் செய்தியைக் கதவில் நிரந்தரமாகப் படிக்கலாம்.

கையுறை விஷயத்தில் ஆசாரி இறங்கி வரவில்லை. நாற்பது வருஷமாக வெறும் கையால் பசை தொட்டவர். மறுநாள் விரல் நுனிகள் கறுத்து, சோப்பு, மண்ணெண்ணெய், தின்னர் எதற்கும் அசையவில்லை. ஈரமாக இருக்கும்போது அசிட்டோன் எடுக்கும். இறுகிய பின் தோலே உதிர்ந்தால்தான் உண்டு. கறை பெரிய விஷயமில்லை. ஐசோசயனேட் தோலிலும் மூச்சிலும் சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும். ஒருமுறை அப்படி ஒவ்வாமை கண்டுவிட்ட உடம்பு பிறகு சிறிதளவுக்கே இளைப்பு காட்டும். சாதாரண வெப்பத்தில் தூரிகையால் தடவும்போது ஆவி குறைவுதான். ஆனாலும் டீச்சருக்கு ஏற்கெனவே இளைப்பு உண்டு. "முன்கட்டில் இருங்கள் டீச்சரம்மா, முடிந்ததும் கூப்பிடுகிறோம்" என்று ஆசாரியே அனுப்பிவைத்தார். அவருடைய கைக்கு இந்தக் கரிசனம் கிடைக்கவில்லை.

ஒட்டும்போது ஒரு முகத்தில் மட்டும் பசையை மெல்லிய படலமாக இழுத்தோம். எதிர் முகத்தை ஈரத்துணியால் ஒற்றிக்கொள்ளச் சொல்வது வழக்கம். 17 சதவீத மரத்துக்கு அது தேவையில்லை என்று விட்டுவிட்டோம். ஈரம் கூடினால் நுரைதான் கூடும். கோடையில் காய்ந்து கிடக்கும் மரத்துக்கோ, குளிரூட்டிய அறையில் இருக்கும் சாமானுக்கோ அந்த ஒற்றல் அவசியம்.

பிறகு இறுக்கம். பொங்கும் பசை இணைப்பையே வெளியே தள்ளிவிடும் என்பதால் கிளாம்ப் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. கதவளவுக்கு நீளமான கிளாம்ப் ஆசாரியிடம் இல்லை. தடித்த இரண்டு சட்டங்களின் நடுவே கதவை வைத்து, முனைகளில் கட்டை அறைந்து, எதிரெதிராக இரண்டிரண்டு ஆப்புகளைத் தட்டி இறுக்கினார். கடையில் விற்கும் எந்தக் கிளாம்புக்கும் அது குறைந்ததில்லை. மூலைவிட்டம் இரண்டையும் நாடாவால் அளந்து, ஒன்றாக இருப்பதை உறுதி செய்துகொண்டோம்.

சில நிமிடங்களில் இணைப்பின் ஓரத்தில் தேன் கோடு ஒன்று வந்து நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வெளுத்து, முட்டுமுட்டாக உப்பியது. மகன் துடைக்கத் துணி எடுத்தார். ஆசாரி கையைப் பிடித்துவிட்டார். ஈரமான நுரையைத் துடைத்தால் அது மரத்தின் கண்ணுக்குள் பூசப்பட்டு, பிறகு பாலீஷ் அந்த இடத்தில் ஏறாது. இறுகியதும் கூரான உளியைப் படுக்கவைத்துத் தள்ளினால் நாடாவாக வந்துவிடும். அப்படித்தான் மறுநாள் எடுத்தோம். ஆப்பை மூன்று நான்கு மணி நேரத்தில் கழற்றலாம் என்றாலும், தொங்கும் கதவு என்பதால் இரவு முழுக்க விட்டோம்.

புது அடிப்பகுதியின் வாய்நாரில் மெழுகு கலந்த எண்ணெயை ஊறவிட்டு, கதவைத் தரையிலிருந்து அரை அங்குலம் உயர்த்தி மாட்டினோம். உளுத்ததற்குக் காரணம் பசையா மரமா என்றால் இரண்டுமில்லை, தரையில் நின்ற தண்ணீர்.

அதன் பிறகு ஒரு கோடையும் மறுபடி ஒரு சாரலும் போய்விட்டன. கதவு தொங்கவில்லை. கீழ்க் கழுந்து இணைப்பில் கத்தி முனை நுழையும் சந்துகூட இல்லை. பலகை காடிக்குள் தாராளமாக நகர்கிறது. கோடையில் அதன் ஓரத்தில் பாலீஷ் படாத வெள்ளைக் கோடு ஒன்று எட்டிப் பார்த்தது, அது நகர்வதற்கான அத்தாட்சி. சாய்வு இணைப்பில் மட்டும், கூர்முனை தரைப்பக்கம் முடியும் இடத்தில், மயிரிழை அளவு கோடு தெரிகிறது. அங்கே உளுத்த மரத்தை இன்னும் ஓர் அங்குலம் மேலே வரை வெட்டியிருக்கலாம் என்பது ஆசாரியின் கருத்து. எனக்கும் அதுவே படுகிறது. ஆடி மாதத்தில் கதவு இப்போதும் நிலையில் லேசாக உரசுகிறது. பசை மரம் உப்புவதை நிறுத்தாது, அதை நிறுத்தச் சொல்லி யாரும் பசை வாங்கவும் கூடாது.

ஜன்னலை மறுபடி பிரிக்க வேண்டியிருந்தது. நுரையை உளியால் கொத்தி எடுத்து, கழுந்துக்குச் சீவல் ஒட்டி, முறையாக இறுக்க ஆசாரிக்குக் கதவைவிட அதிக எரிச்சல். இறுகிய பாலியூரித்தேனைக் கரைக்க வீட்டில் புழங்கும் எந்தத் திரவமும் இல்லை. எங்கெல்லாம் அது ஒட்டியதோ அங்கெல்லாம் மரத்தோடு சேர்த்துத்தான் வெட்ட வேண்டும்.

அதே காரணத்தால், டீச்சரின் தாத்தா காலத்து ஈட்டி மரச் சாய்வு நாற்காலிக்கு இந்தப் பசையை நான் அனுமதிக்கவில்லை. மகனுக்கு அதில் வருத்தம்தான். புட்டியில் பாதி மிச்சம் இருந்தது. அந்த நாற்காலி முதலில் வச்சிரத்தால், அதாவது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பழைய பசையால் ஒட்டப்பட்டது. வச்சிரம் வெந்நீர் ஒத்தடத்துக்கு இளகிக் கொடுக்கும். அதனால்தான் ஒரு கை உடைந்தபோதும், பின்னல் மாற்றியபோதும் அதைச் சேதமில்லாமல் பிரிக்க முடிந்திருக்கிறது. அறைக்குள் இருக்கும் சாமானுக்குத் தண்ணீரைத் தாங்கும் பசை எதற்கு? வச்சிரத்தையே காய்ச்சி ஒட்டினார் ஆசாரி. வீடு முழுக்க நாறியது, டீச்சர் மறுபடி முன்கட்டுக்குப் போனார்.

மிச்சப் புட்டியைக் காற்றைப் பிழிந்து வெளியேற்றி, மூடி, தலைகீழாக நிறுத்திவைத்தோம். செங்கோட்டைக் காற்றில் திறந்த புட்டி சில மாதம்தான் தாங்கும். அது உள்ளேயே இறுகுவதற்குள், கிணற்றடிக் கதவின் மேல்சட்டத்தையும், துணி துவைக்கும் இடத்தில் இருக்கும் மரப்பெட்டியின் அடிப்பலகையையும் முடித்துவிடச் சொல்லியிருக்கிறேன். இரண்டும் நனையும் இடம். கிணற்றடிக் கதவின் கழுந்து எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதை ஆணியைப் பிடுங்கிய பிறகுதான் சொல்ல முடியும்.